பழுக்குற நேரத்துல கொட்டுன சாத்துக்குடி: ஒரு வீட்டு மரத்துல மூணு வருசம் நடந்தது

பின்னணி

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் ஒரு வீட்டுல 2022லேர்ந்து 2024 வரைக்கும் நடந்த விஷயம் இது. பேர் போட வேணாம்னு வீட்டுக்காரங்க சொல்லிட்டாங்க, அதனால நான் வழக்கமா கூப்பிடுற மாதிரியே அண்ணன், அக்கா, அப்பத்தான்னு எழுதுறேன். அண்ணன் ரிட்டயர் ஆன வாத்தியார், அப்பத்தா அவரோட அம்மா, எண்பது தாண்டியாச்சு. நான் அதே தெருவுல நாலு வீடு தள்ளி இருக்கேன். வேளாண்மை படிச்சவன் இல்ல, வீட்டுத்தோட்டம் வச்சு வச்சு கத்துக்கிட்டதுதான்.

மரம் சாத்துக்குடி, ஒட்டுச்செடி. 2015ல நர்சரியில வாங்கி கொல்லைப்பக்கம் செம்மண்ல நட்டது. மரத்துலேர்ந்து இருபது அடி தள்ளி ஒரு பெரிய வேப்பமரம், அதுக்குப் பின்னாடி காம்பவுண்டு சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் வருசக்கணக்கா யாரும் தொடாத காலி மனை, முள்ளும் கொடியுமா கிடக்கும். தண்ணி போர்லேர்ந்து, வாரம் ரெண்டு தடவை பாத்தி நிறைய. வருசத்துக்கு ரெண்டு தடவை ஆட்டு எரு.

2019ல முதல் காய்ப்பு. 2020லயும் 2021லயும் நல்லா காய்ச்சுது, தெருவுல எல்லா வீட்டுக்கும் பை பையா குடுத்தாங்க, நானே வாங்கி சாப்பிட்டிருக்கேன். ஜனவரி பிப்ரவரியில பூக்கும், அக்டோபர் நவம்பர்ல பழம் வெட்டும். நடுவுல மார்ச் ஏப்ரல் வெயில்ல கோலிக்குண்டு சைஸ் பிஞ்சு கொஞ்சம் உதிரும், அது எல்லா சாத்துக்குடியிலயும் உள்ளதுதான், மரம் தாங்குற அளவுக்கு வச்சுக்கிட்டு மிச்சத்தை விட்டுடும்.

முதல்ல தெரிஞ்சது, முதல்ல செஞ்சது

2022 செப்டம்பர் கடைசியில முழு சைஸ் வந்து லேசா மஞ்சள் விழ ஆரம்பிச்ச காய்ங்க கீழ விழ ஆரம்பிச்சுது. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுன்னு. அந்த வருசம் மழை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்ததால தண்ணிதான் காரணம்னு அண்ணன் முடிவு பண்ணிட்டாரு, காய்ஞ்சு கிடந்து திடீர்னு மழை பெஞ்சா சாத்துக்குடி தோல் வெடிச்சு விழும்னு அவருக்குத் தெரியும், அது உண்மையும் கூட. ஆனா விழுந்த எந்தப் பழத்துலயும் வெடிப்பு இல்ல. அந்த ஒரு விஷயத்தை அன்னைக்கே யாராவது நின்னு யோசிச்சிருந்தா ஒரு வருசம் மிச்சமாயிருக்கும்.

டவுன்ல ஒரு உரக்கடையில கேட்டிருக்காரு. நுண்ணூட்டக் கலவை ஒண்ணும், உதிர்வுக்குன்னு என்.ஏ.ஏ ஹார்மோன் ஒண்ணும் குடுத்தாங்க. ஹார்மோன் மரம் தானா உதிர்க்குற பூவையும் காயையும் உதிராம தாங்க வைக்குற மருந்து, வேற ஏதோ ஒண்ணு பழத்தைக் கெடுத்து விழுந்தா அதைத் தடுக்காது. அடிச்சாங்க, ஒண்ணும் மாறல. சீசன் முடிஞ்சுது, பாதிக்கு மேல பழம் கைக்கு வந்துச்சு, அதனால பெருசா எடுத்துக்கல.

2023ல நிலைமை வேற. ஆகஸ்ட் கடைசியில மரத்துல சுமார் 160 காய் இருந்ததா அக்கா எண்ணி வச்சிருந்தாங்க. செப்டம்பர் மூணாவது வாரத்துலேர்ந்து தினமும் நாலு அஞ்சு விழுது. இந்தத் தடவை வேற ஒருத்தர் சொல்லி பழ ஈ பொறி வாங்கி மாட்டினாங்க, மெத்தில் யூஜினால் கட்டை வச்ச பிளாஸ்டிக் டப்பா. ரெண்டே நாள்ல டப்பாவுல முப்பது நாப்பது ஈ. எல்லாருக்கும் நிம்மதி, காரணம் கிடைச்சிருச்சுன்னு. பத்து நாள் ஆச்சு, டப்பா நிறைஞ்சுகிட்டே இருக்கு, பழமும் விழுந்துகிட்டே இருக்கு.

இந்த இடத்தை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா இங்கதான் நிறைய பேர் வழி மாறிப் போறாங்க. அந்தப் பொறிக்கு வர்றது ஆண் ஈ மட்டும்தான், அதோட அது ரொம்ப தூரத்துலேர்ந்து இழுக்கும். நத்தம் பக்கம் மாந்தோப்பு நிறைய, கொய்யா இல்லாத வீடு கம்மி, எங்க பொறி மாட்டினாலும் ஈ விழத்தான் செய்யும். பொறியில ஈ இருக்குன்னா ஊர்ல ஈ இருக்குன்னு அர்த்தம், நம்ம மரத்துப் பழத்தை அதுதான் கெடுத்துச்சுன்னு அர்த்தம் இல்ல. அது தெரியணும்னா பழத்தை வெட்டணும்.

வெட்டிப் பார்த்தது

அக்டோபர் முதல் வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, இந்த மரத்தை வெட்டிரலாம்ங்குறாரு உங்க அண்ணன், நீ ஒரு தடவை வந்து பாரேன்"னாங்க. மறுநாள் காலையில ஆறரை மணிக்குப் போனேன், ராத்திரி விழுந்தது புதுசா கிடைக்கணும்ங்குறதுக்காக.

கீழ ஏழு பழம் கிடந்துச்சு. மேலாப்புல பார்த்தா நல்ல பழம். கையில எடுத்து மெதுவா உருட்டினா ஒரு இடத்துல மட்டும் தோல் அமுங்குது, ஒரு ரூபா காசு அளவுக்கு நிறம் மங்கி, வேக வச்ச மாதிரி. அந்த வட்டத்துக்கு நடுவுல ஒரு ஓட்டை, ஊசியால குத்துனா எப்படி இருக்குமோ அப்படி, விளிம்பெல்லாம் சுத்தமா வட்டமா. பழத்தை அமுக்குனதும் அந்த ஓட்டை வழியா சாறு பீச்சிகிட்டு வந்துச்சு. தோலை உரிச்சா உள்பக்க வெள்ளைச் சதை அந்த இடத்துல பழுப்பா பஞ்சு மாதிரி ஆயிருக்கு, அதுக்கு நேர் கீழ இருக்குற சுளை சாறு வத்திப் போயி சக்கையா இருக்கு, பக்கத்து சுளை எல்லாம் நல்லாவே இருக்கு.

ஏழையும் வெட்டினோம். ஏழுலயும் ஓட்டை, ஒண்ணுல மூணு ஓட்டை. ஒண்ணுலயும் புழு இல்ல. மூணு நாளா கிடந்த பழைய பழத்துல மட்டும் சின்னச் சின்னப் புழு நெளிஞ்சுது, ஆனா அழுகுன பழத்துக்குப் பின்னாடி வர்ற பொடி ஈயோட புழுவா இருக்கலாம்னு தோணுச்சு. உறுதி பண்ண இன்னும் நாலு புதுப் பழத்தை மணல் போட்ட டப்பாவுல வச்சு துணி கட்டி எட்டு நாள் வச்சிருந்தோம். பழ ஈயா இருந்தா புழு மணலுக்குள்ள இறங்கி கூட்டுப்புழு ஆயிருக்கணும். மணலைச் சலிச்சுப் பார்த்தோம், எதுவும் இல்ல.

சொறி நோயும் இல்ல, அதுல தோல் மேல தக்கை மாதிரி பொருக்கு தெரியும். குருவி, அணில் கொறிச்சா ஓட்டை இவ்வளவு சின்னதா இருக்காது. வெளியிலேர்ந்து ஏதோ ஒண்ணு குத்தி சாறை மட்டும் உறிஞ்சுட்டுப் போகுது. பகல்ல அக்கா நாள் பூரா கொல்லையிலதான் இருக்காங்க, எதுவும் பார்த்ததில்ல. அப்போ ராத்திரி.

ராத்திரி எட்டே முக்கால்

பழம் வெட்டுன அன்னைக்கே சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணனும் நானும் நாற்காலி போட்டு உக்காந்தோம். டார்ச் முன்னாடி சிவப்பு கண்ணாடிப் பேப்பர் கட்டிகிட்டோம், வெளிச்சத்துக்கு ஓடிரக்கூடாதுன்னு. எட்டரை வரைக்கும் ஒண்ணும் இல்ல. எட்டே முக்காலுக்கு வேப்பமரத்துப் பக்கமிருந்து கனமா ஏதோ பறந்து வந்த மாதிரி ஒரு சத்தம், சின்ன வௌவால்னு அண்ணன் சொன்னாரு. டார்ச் அடிச்சா பழத்துக்குப் பக்கத்துல ரெண்டு புள்ளி தீக்கங்கு மாதிரி மின்னுது. கண்ணு.

கிட்ட போயி பார்த்தோம். கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. ஒரு அந்துப்பூச்சி, உள்ளங்கை அகலம். மேல் றெக்கை காய்ஞ்ச மாவிலை மாதிரியே இருக்கு, நரம்பு ஓடுறது வரைக்கும். பழத்து மேல உக்காந்து தலையை லேசா ஆட்டிகிட்டே இருக்கு, உறிஞ்சு குழலை அப்படியே தோலுக்குள்ள துளை போடுற மாதிரி இறக்குது. நாங்க மூச்சு விடாம நின்னோம். கொஞ்ச நேரம் கழிச்சு றெக்கையை விரிச்சுது, உள் றெக்கை நல்ல ஆரஞ்சு, அதுல கறுப்பா அவரை விதை மாதிரி ஒரு குறி. பத்தரை மணிக்குள்ள அஞ்சு எண்ணினோம்.

போட்டோ எடுத்து தெரிஞ்ச ஒரு தோட்டக்கலை அலுவலருக்கு அனுப்பினேன். பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சின்னு உடனே பதில் வந்துச்சு. சாதாரணமா அந்துப்பூச்சியில புழுதான் பயிரைத் தின்னும், பூச்சி சும்மா தேன் குடிச்சுட்டுத் திரியும். இதுல தலைகீழ். பழத்தைக் கெடுக்குறது வளர்ந்த பூச்சி, அதோட குழல் நுனி தோலைத் துளைக்குற அளவுக்கு கெட்டியா, முள்ளு முள்ளா இருக்கும். அது குத்துன ஓட்டை வழியா பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைஞ்சு நாலஞ்சு நாள்ல பழம் விழுந்துரும். புழு சாத்துக்குடியையே தொடாது. அது வளர்றது சீந்தில், கட்டுக்கொடி மாதிரி அந்தக் குடும்பத்துக் கொடியில.

அவர் சீந்தில்னு சொன்னதும் அண்ணன் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தாரு.

சீந்தில் கொடி

கொரோனா வந்த வருசம் எங்க ஊர்லயும் எல்லாரும் சீந்தில் தேடி அலைஞ்சாங்க, 2020 அக்டோபர்ல ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட கொரோனா நெறிமுறையிலயும் அது இருந்துச்சு. அப்பத்தா அந்த வருசக் கடைசியில எங்கிருந்தோ ஒரு துண்டுத் தண்டு வாங்கிட்டு வந்து வேப்பமரத்தடியில ஊனி விட்டாங்க. வேம்புல ஏறுன சீந்திலுக்குத்தான் மருந்துக்குணம் அதிகம்னு பெரியவங்க சொல்லுவாங்க. அது மூணு வருசத்துல மரத்தையே மூடி, மேலேர்ந்து கயிறு கயிறா விழுது தொங்க விட்டிருந்துச்சு.

மறுநாள் காலையில அப்பத்தாகிட்ட மெதுவாத்தான் பேச்சை எடுத்தேன். கொடியில புழு ஏதும் பார்த்தீங்களான்னு கேட்டேன்.

"கண்ணு வச்ச புழுவா? கருகருன்னு வெல்வெட்டு மாதிரி, தலையை மடிச்சுகிட்டு பின்பக்கத்தைத் தூக்கிகிட்டு இருக்குமே, பாம்புக்குட்டியாட்டம்? அது வந்து மூணு வருசம் ஆச்சே சாமி. என்கிட்ட யாரு கேட்டா?"

நாங்க ரெண்டு வருசமா கடைக்காரர், பக்கத்து ஊர்க்காரர், யூடியூப்னு எல்லாரையும் கேட்டோம், தினமும் காலையில அந்தக் கொடிகிட்ட நின்னு இலை பறிக்குற ஆளைக் கேக்கல. அப்பத்தா கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் காட்டினாங்க. எட்டுற உயரத்துல மட்டும் ஆறு புழு. பக்கவாட்டுல ரெண்டு ரெண்டு கண்ணு வரைஞ்ச மாதிரி வட்டம், தொட்டா உடம்பை வளைச்சுகிட்டு அந்தக் கண்ணைக் காட்டி மிரட்டுது. நாலு இலையை ஒண்ணா நூல் இழுத்து ஒட்டி உள்ள கூட்டுப்புழுவும் இருந்துச்சு.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

அண்ணன் அன்னைக்கே கொடியை வேரோட வெட்டிரணும்னாரு. அப்பத்தா ஒண்ணுமே பேசல, உள்ள போயிட்டாங்க. அவங்களுக்கு அது வெறும் செடி இல்ல. 2021ல வீட்டுல அஞ்சு பேருக்கும் கொரோனா வந்தப்போ அவங்க கையால கஷாயம் வச்சுக் குடுத்த கொடி அது. மருந்து வேலை செஞ்சுதா இல்லையாங்குறது வேற கேள்வி, அதை இங்க எடுக்கல. ஆனா அந்த வீட்டுல அதை வெட்டுறதுக்கு அவங்க சம்மதம் வேணும்னு நான் நினைச்சேன், அக்காவும் அதையேதான் சொன்னாங்க.

ரெண்டு நாள் கழிச்சு ஒத்துக்கிட்ட ஏற்பாடு இது: வேப்பமரத்துல ஏறுனதை முழுக்க இறக்கிடுறது, ஒரு தண்டை மட்டும் தொட்டியில வச்சு சமையக்கட்டு வாசல்ல நாலடி பந்தல்ல விடுறது, அப்பத்தா இலை பறிக்கும்போதே முட்டை, புழு பார்த்து எடுத்துடுறது. இது விட்டுக்குடுத்ததா மட்டும் எனக்குத் தெரியல. எட்டாத உயரத்துல இருந்த கொடியில புழு இருக்கான்னு யாருக்கும் தெரியாது, கண்ணு உயரத்துல இருக்குற சின்னக் கொடி பூச்சி எப்போ வருதுன்னு நமக்குச் சொல்லிரும். இறக்குன கொடியை சும்மா குப்பையில போடல. சீந்தில் தண்டு வெட்டிப் போட்டாலும் சாகாது, மண்ணு பட்டா மறுபடி துளிர்க்கும், அதனால வெயில்ல காயப்போட்டு எரிச்சோம்.

மருந்து அடிக்கலாமான்னு கேள்வி வந்துச்சு. வேண்டாம்னு முடிவு பண்ணினோம். பூச்சி ராத்திரி பறந்து வந்து குத்திட்டுப் போகுது, பகல்ல மரத்துல இருக்குறதே இல்ல, தோலைத் தின்னாம உள்ள இருக்குற சாறை மட்டும் குடிக்குறதுக்கு தோல் மேல அடிச்ச மருந்து பெருசா எட்டாது, நமக்குத்தான் பழத்தோட சேர்ந்து வரும். வெல்லக்கரைசல்ல மாலத்தியான் கலந்து பொறி வைக்குற முறை தோப்புக்குச் சொல்றாங்க. இந்த வீட்டுல பேரப்பிள்ளைங்க, நாய் எல்லாம் கொல்லையில சுத்துது, வைக்கல. வேப்பிலைப் புகை நாலு நாள் போட்டாங்க, சின்னவனுக்கு இளைப்பு இருக்கறதால அதையும் நிறுத்திட்டாங்க.

மிச்சம் இருந்தது மூணு வேலை. விழுந்த பழத்தை தினமும் பொறுக்கி ரெண்டடி குழியில புதைக்குறது, ஏன்னா அழுகுன பழத்து வாசம் இன்னும் பூச்சியை இழுக்கும். ராத்திரி எட்டுலேர்ந்து பத்து வரைக்கும் டார்ச்சோட சுத்தி கையில கிடைக்குறதைப் புடிக்குறது. அப்புறம் பழத்தை மூடுறது.

மூடுறதுல முதல் தடவை தப்பு பண்ணினோம், அது என் யோசனைதான். பழைய கொசுவலையைத் துண்டு போட்டு இருபது பழத்துல இறுக்கிக் கட்டினோம். ஒரு வாரத்துல எட்டுல ஓட்டை. வலை பழத்தோட ஒட்டி இருந்ததால பூச்சி வலை மேல உக்காந்தே குழலை உள்ள விட்டிருக்கு. அக்காதான் பீரோவுல கிடந்த கல்யாண வீட்டு மஞ்சப்பைங்களை எடுத்துட்டு வந்தாங்க. கொத்து மேல தொளதொளன்னு மாட்டி, காம்புல சணல் கட்டினோம், பழத்துக்கும் துணிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருக்குற மாதிரி. அது நின்னுச்சு. ஆனா அதுக்குள்ள அந்த வருசம் சீசன் முக்கால்வாசி முடிஞ்சு, 160ல கைக்கு வந்தது அறுபது சொச்சம்.

2024

இந்தத் தடவை ஜனவரியிலேர்ந்தே யோசிச்சு செஞ்சோம். ஜூலையில வேலியோரம் இருந்த கட்டுக்கொடியைப் பிடுங்கினோம். தொட்டிச் சீந்தில்ல ஆகஸ்ட் 20க்கு மேல அப்பத்தா முதல் புழுவைப் பார்த்து ஆள் அனுப்பினாங்க. செப்டம்பர் முதல் வாரமே 35 மஞ்சப்பை ஏறிடுச்சு, துவைச்சு காயவச்சது. மரத்துல சுமார் 150 காய், அதுல பைக்குள்ள போனது 90 இருக்கும், மிச்சம் உச்சியில எட்டாத இடத்துல.

நவம்பர் ரெண்டாவது வாரம் கணக்குப் பார்த்தப்போ பைக்குள்ள போனதுல ஏழு வீணாச்சு. நாலு பூஞ்சணம் பிடிச்சது, அக்டோபர் அடைமழையில துணி ஈரத்தோடயே மூணு நாள் இருந்ததால. மூணு குத்து, பை நழுவி பழத்தோட ஒட்டுன இடத்துல. பை போடாததுல இருபத்தொண்ணு விழுந்துச்சு. ஆக நூத்தி இருபது பழத்துக்கு மேல வீட்டுக்கு வந்துச்சு. பைக்குள்ள பழுத்தது நிறம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்துச்சு, ருசியில குறையில்ல.

பை போடாத பழத்துலயும் 2023 அளவுக்கு சேதம் இல்ல. அதுக்கு கொடியை இறக்குனது காரணமா, பழம் பொறுக்குனதா, ராத்திரி பிடிச்சதா, இல்ல அந்த வருசம் பூச்சியே கம்மியா வந்துச்சான்னு பிரிச்சுச் சொல்ல வழியில்ல, எல்லாத்தையும் ஒண்ணா செஞ்சுட்டோம். பை போட்டதுக்கும் போடாததுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒரே மரத்துல ஒரே மாசத்துல பார்த்தது, அதை நான் நம்புறேன்.

ஒரு விஷயத்துல அண்ணனும் நானும் ஒத்துப்போகல. சீக்கிரமே பறிச்சுட்டா பூச்சி தொல்லை இல்லன்னு அவர் அக்டோபர் தொடக்கத்துல முப்பது பறிச்சுட்டாரு. சாத்துக்குடி வாழை, மாம்பழம் மாதிரி இல்ல, மரத்தை விட்டு இறக்குனா அதுக்கப்புறம் இனிப்பு ஏறாது. அந்த முப்பதும் ஜூஸுக்குச் சர்க்கரை போட்டுத்தான் குடிக்க முடிஞ்சுது. பாதி மஞ்சள் ஏறுன பிறகு ஒண்ணு ரெண்டு ருசி பார்த்துட்டு பறிக்குறதுதான் சரின்னு இப்போ அவரும் சொல்றாரு.

அடுத்த தடவை மாத்தப் போறது

எது விழுந்தாலும் அன்னைக்குக் காலையிலேயே வெட்டிப் பார்க்குறது, அதுக்கு முன்னாடி கடைக்குப் போறதில்லன்னு அண்ணன் சொல்லிட்டாரு. 2022ல ஒரு கத்தியும் பத்து நிமிஷமும் இருந்தா போதும்ங்குற இடத்துல ரெண்டு சீசன் போச்சு.

பையை வாரம் ஒரு தடவை கழட்டி உதறி, மழை விட்டதும் மாத்துப் பை போடுறதுக்கு இன்னும் இருபது பை சேர்த்து வைக்கணும். அறுவடை முடிஞ்சதும், பூக்குறதுக்கு முன்னாடியே, மரத்துல காய்ஞ்ச கிளையும் உச்சியும் கொஞ்சம் எடுத்து, ஏணி போட்டா எட்டுற உயரத்துக்குக் கொண்டு வரணும்.

காலி மனைதான் பாக்கி. சுவருக்கு அந்தப்பக்கம் வேலிமரத்துல கட்டுக்கொடி அடர்த்தியா இருக்கு, சீந்திலும் ரெண்டு இடத்துல ஏறியிருக்கு. இந்தப் பூச்சி நல்லா பறக்கும், அதனால நம்ம வீட்டுக் கொடியை மட்டும் இறக்கிட்டு முடிஞ்சுதுன்னு இருக்க முடியாது. மனைக்காரர் கோயம்புத்தூர்ல இருக்காரு, அண்ணன் போன்ல பேசினதுக்கு பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நேர்ல பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்காரு. அப்பத்தா ஒரு பையில பத்து சாத்துக்குடி தனியா எடுத்து வச்சிருக்காங்க, அவர் வந்தா குடுக்கணும்னு.